சிவப்புப் புள்ளி வைத்த இடம்

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தொம்மை என் வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற எதையும் தொட்டுவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை.

அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை அவர் வாசித்த மாதிரி பிற்பாடு யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை. கண் முதலில் கரையோரமாகப் போயிற்று. மாதா கோயில் கோபுரத்தில் சற்று நின்றது. அங்கிருந்து நான் போட்டிருந்த புள்ளிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, முயல் தீவைத் தாண்டிப் போயிற்று. சிவப்புப் புள்ளிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் அவருடைய மூத்த மகள் ஜெசிந்தா. பதினோராம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பள்ளிக் கண்காட்சி. கூடம் முழுக்கப் பசை வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும். என் படத்தின் மூலையில் ‘முதல் பரிசு’ என்று ஓர் அட்டை குத்தியிருந்தது. நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை.

முத்தைக் காணாத முத்துநகர்

போன வாரம் இந்தத் தொடரில் உப்பளத்து வெயிலைப் பற்றி எழுதியதற்கு மதுரையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ‘உங்கள் ஊரில் முத்துக் குளிப்பார்களே, அதை ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டிருக்கிறார். தாயே, எழுதுவதற்கு நான் பார்த்திருக்க வேண்டாமா?

கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டைப் பித்தான் போடத் தெரியாத வயது. அதற்குப் பிறகு சிப்பி விளையவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாடப்புத்தகத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. ‘தூத்துக்குடி மக்களின் முக்கியத் தொழில் முத்துக்குளித்தல்’ என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்களும் பரீட்சைதோறும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். வகுப்பில் ஒருத்தி மட்டும் முத்துத் தோடு போட்டிருந்தாள். அது அவள் மாமா ஹைதராபாத்தில் வாங்கியது.

புத்தகத்தின் அட்டையில் புவியியல் என்று இருக்கும். எங்கள் வாயில் அது பூகோளம்தான். எஸ்தர் டீச்சர் எடுத்தார்கள். சாத்தான்குளத்துப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேடும் பனையுமாக இருக்கிற ஊர் அவர்களுக்கு. கடல் என்றால் பயம். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதுகூட கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம். ஆனால் கரும்பலகையில் ஒரு வீச்சில் ஆப்பிரிக்காவை வரைந்துவிடுவார்கள். சாக்பீஸை எடுத்தால் கரை முழுக்கச் சுற்றி வந்துதான் கை நிற்கும்.

எனக்கு அந்த வயதில் பூகோளம்தான் பைத்தியம். மற்றப் பிள்ளைகள் ராத்திரி ஜெபம் சொல்லித் தூங்குவார்கள். நான் ஜெபத்தை வேகமாக முடித்துவிட்டு, கம்சாத்கா, சமர்கண்ட், டாஸ்மேனியா என்று ஊர்ப் பெயர்களை மெதுவாகச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவேன். மத்தியான வகுப்பில் வாடைக்காற்று ஜன்னல் வழியாக உப்பு வாசனையோடு வரும். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் போகும்போது பெஞ்சு லேசாக அதிரும். மேஜை மேல் இருக்கிற உலக உருண்டைக்கு ஓர் ஆணி கழன்றிருந்ததால் அதுவும் அந்த அதிர்வில் தானாகக் கொஞ்சம் சுற்றும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிரீன்லாந்து மெதுவாக நகர்ந்து டீச்சருடைய குடைக்குப் பின்னால் போய் மறையும்.

ஜெசிந்தாவுக்கோ பூகோளம் வேப்பங்காய். காலாண்டுப் பரீட்சையில் பதினெட்டு மார்க். அதில் ஒரு கேள்விக்கு அவள் தென்மேற்குப் பருவக்காற்று என்று எழுதாமல் ‘கச்சான்’ என்று எழுதியிருந்தாள். கடற்கரையில் அந்தக் காற்றுக்கு அதுதான் பெயர். டீச்சர் அதன் மேல் பெரிய முட்டை போட்டிருந்தார்கள்.

டிபன் மூடியில் இரண்டு முள்

ஒருநாள் டீச்சர் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தார்கள்.

“ஒரு கோடு மட்டும் தெரிஞ்சா இடம் தெரியாது. அந்தக் கோடு நெடுக நீ தேடிக்கிட்டே அலைய வேண்டியதுதான். ரெண்டாவது கோடு எங்க வந்து வெட்டுதோ, அதுதான் இடம். நடுக்கடலானாலும் ரெண்டு கோடு போதும்.”

பக்கத்தில் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்ததை உணர்ந்தேன். வழக்கமாக அந்த வேளையில் அவள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூவரச மரத்தடிக்குப் போனோம். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. என் டிபனில் இருக்கும் முட்டையில் பாதி அவளுக்கு, அவள் டிபனில் இருக்கும் மீனில் பாதி எனக்கு. கடையில் வாங்குகிற மீனில் அந்த ருசி கிடையாது. பெரும்பாலும் விளமீன். அவள் அம்மா மிளகாய் அரைத்துத் தடவிப் பொரித்துக் கொடுத்துவிடுவாள். சதை ஏடு ஏடாகக் கழன்று வரும்.

அன்றைக்குத் தின்று முடித்ததும் ஜெசிந்தா மீன்முள் இரண்டை எடுத்து டிபன் மூடியில் குறுக்காக வைத்தாள்.

“ஏளா ஞானம், டீச்சர் சொன்ன ரெண்டு கோடு எங்கப்பாவுக்குத் தெரியும்ளா.”

“உங்கப்பாவுக்கு எப்படி?”

“கடல்ல நின்னு கரையப் பாப்பாவ. மாதா கோயில் கோபுரத்துக்குப் பின்னால மில்லுப் புகைபோக்கி சரியா மறையணும். அது ஒரு கோடு. அந்தக் கோட்டுலயே போகணும். தீவு லைட்ஹவுஸும் கரையில நிக்க ஒத்தப் பனையும் எப்ப ஒண்ணா சேருதோ, அங்கன பாயை எறக்கிரணும். அது ரெண்டாவது கோடு.” முள் இரண்டும் வெட்டுகிற இடத்தில் விரலை வைத்தாள். “கீழ பார் இருக்கு.”

பார் என்றால் கடலடியில் இருக்கிற பாறைத் திட்டு. மீன் அங்கேதான் அண்டும். பெரிய பார்களுக்கெல்லாம் பெயர் உண்டு, ஊருக்கே தெரியும். இது யாருக்கும் தெரியாத சின்னப் பார். ஜெசிந்தாவின் பாட்டனார் கண்டுபிடித்து மகன்கள் இருவருக்கும் காட்டிக்கொடுத்தது. வத்தை என்கிற சின்னப் பாய்மரப் படகில் தொம்மையும் அவர் தம்பியும் மட்டும் அங்கே போய்த் தூண்டில் போடுவார்கள். வேறு படகு கண்ணில் பட்டால் பாயைத் திருப்பிவிட்டு வேறெங்கோ போகிற மாதிரிப் போவார்கள்.

அடையாளத்தைக் கடலில் வைத்துத்தான் மகனுக்குச் சொல்ல வேண்டும், கரையில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆனால் தொம்மைக்கு நாலும் பெண். தம்பிக்குப் பிள்ளையே இல்லை. பெண்பிள்ளைகள் கடலுக்குப் போவதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் மூத்தவளை மணலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கரையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

“எனக்கு மாப்ள வந்தா நான் அவருட்ட சொல்லணும். எனக்குச் சீதனம்னு அப்பாட்ட அது ஒண்ணுதான் இருக்கு” என்றாள் ஜெசிந்தா. பிறகு, “யார்ட்டயும் சொல்லிராதளா” என்றாள்.

நான் கேட்டது வேறு. “நீ கடலுக்குப் போயிருக்கியா?”

“இல்ல.”

“அப்போ கோபுரம் புகைபோக்கிய மறைக்கத எப்படிப் பாத்தே?”

“கண்ண மூடுனா தெரியும். கடல்ல இருந்து பாத்தா நம்ம ஊரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஊரு முழுக்கத் தண்ணிக்குள்ள நிக்க மாதிரி இருக்கும். முதல்ல கோபுரந்தான் மேல வரும்.”

எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. போகாத இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற பிள்ளை இந்த வகுப்பில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபுரம், புகைபோக்கி, ஒற்றைப் பனை என்று நான் எழுதியிருக்கிற அடையாளங்களை நம்பி யாரும் படகை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை பட்டது போதும்.

பெயர் வைக்கும் ஆசை

கண்காட்சி வரப்போகிறது, பூகோளத்துக்கு வரைபடமோ களிமண் மாதிரியோ செய்கிறவர்களில் முதலாவதாக வருகிறவளுக்குக் கெட்டி அட்டை போட்ட அட்லஸ் பரிசு என்று எஸ்தர் டீச்சர் அறிவித்தார்கள். அன்றைக்கிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்பா கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்தார். பழசாகிப்போன கடல்படங்களை அங்கே கழித்துவிடுவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் என்பதால் எனக்குப் படம் போட அப்பா கொண்டுவந்து தருவார். அப்படி வந்ததில் எங்கள் கரையும் ஒன்று இருந்தது. கண்ணாடிக்குக் கீழே அரிக்கேன் விளக்கை வைத்து, அதன் மேல் தாளைப் போட்டுக் கரையை அச்சு அசலாக எடுத்தேன். உப்பளங்களுக்கு வெள்ளை, ஊருக்கு மஞ்சள். கடலுக்கு மட்டும் மூன்று நீலம். கரையோரத்து நீலம் வர, நீலக்கட்டியைக் கரைத்துப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன்.

எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் கடல் காலியாகக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் காலி.

புதிய இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் அதற்குப் பெயர் வைப்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தோம். தனக்குப் பிடித்தவர்களின் பெயரை வைப்பார்கள். ராணி பெயர், தோழன் பெயர். எனக்குப் பிடித்தவர்களில் முதல் ஆள் ஜெசிந்தா. அவள் பதினெட்டு மார்க் வாங்கியவள். அவள் பெயர் ஒரு வரைபடத்தில் இருந்தால் எப்படி இருக்கும்?

கோபுரத்திலிருந்து ஒரு புள்ளிக் கோடு போட்டேன். லைட்ஹவுஸ் வழியாக இன்னொன்று. வெட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஜெசிந்தா பார்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். ஞாபகம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லையே, வரைந்தேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பதினாறு வயதில் அவ்வளவு புத்தி. அவளுக்கே காட்டாமல் ஒளித்து வைத்தேன். கண்காட்சியில் பார்த்து அசந்துபோகட்டும் என்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

வெறும் சேறு

தொம்மை படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்றேன் அல்லவா? அங்கே திரும்பி வருகிறேன்.

அவர் பின்னால் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரிசு வாங்கிய படம் என்றால் எல்லாரும் எட்டிப்பார்ப்பார்கள். அதில் மிக்கேல் இருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அவர் பெண் படித்தாள். இரண்டு லாஞ்சு வைத்திருந்தவர். லாஞ்சு என்றால் மோட்டார் படகு. அப்போதுதான் எங்கள் கடலில் அவை பெருக ஆரம்பித்திருந்தன. நாலு லாஞ்சு சேர்ந்து ஒரு பாரைச் சுற்றி நின்றால் மாசம் முடிவதற்குள் வழித்தெடுத்துவிடும். அப்புறம் வத்தைக்காரனுக்கு அங்கே கல்தான் மிச்சம்.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்திருந்த மீன் ஆபீசரும் படத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“வெரி நைஸ். ஆனா இப்படி ஒரு பார் எங்க லிஸ்ட்லயே இல்லையே டீச்சர்” என்றார்.

எஸ்தர் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. “பிள்ளை தானா விசாரிச்சுப் போட்டிருக்கு சார்” என்றார்கள்.

மிக்கேல் மெதுவாகச் சிரித்தார். “அதான பாத்தேன். நாங்க மெசின் வச்சிக்கிட்டுச் சும்மா வாரோம். தொம்மை வத்தையில மட்டும் எப்படி விளமீனா வந்து விழுதுன்னு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. அவளுடைய சீதனத்தைத்தான் நான் நீலம் அடித்து, பெயர் எழுதி, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தொம்மை படத்தைக் கிழிக்கவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அது உண்மை என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகியிருக்கும். இதெல்லாம் நான் பிற்பாடு யோசித்தது. அவர் அதை அந்த இடத்திலேயே யோசித்துவிட்டார். பின்னால் கட்டியிருந்த கையை எடுக்காமலே சிரித்தார்.

“ஏலே மிக்கேலு, அங்கன பாரும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. முழுக்கச் சேறு. நங்கூரம் போட்டா நிக்காது. பிள்ளை என்னமோ வெளையாட்டுக்குப் போட்டிருக்கு. எம் மவ பேர வேற வச்சிருக்கு பாரு.”

“அப்படியா?” என்றார் ஆபீசர்.

“பிள்ளையிட்டயே கேளுங்க சார்வாள்.”

எஸ்தர் டீச்சர் என் பக்கம் திரும்பினார்கள். “ஞானம், இதை யார்கிட்ட விசாரிச்சுப் போட்டே?”

நான் நல்லவள் மாதிரி எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் நடந்தது இதுதான்: முதலில் எனக்கு ரோஷம் வந்தது. படத்தைப் பொய் என்கிறார்களே என்ற ரோஷம். “இல்ல டீச்சர், சரியாத்தான் போட்டிருக்கேன். கோபுரமும்…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

தொம்மை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் என் ரோஷம் இன்னும் ஏறியிருக்கும். பெரிய அலை வரும்போது கரையில் விளையாடுகிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

டீச்சர் பக்கம் திரும்பினேன்.

“கோபுரமும் கோடும் போட்டேன் டீச்சர். கடல் காலியா இருந்திச்சு. அழகுக்கு நானா ஒரு புள்ளி வச்சேன்.”

“நீயாவா?”

“ஆமா டீச்சர்.”

“ஜெசிந்தா, நீ ஏதாவது சொன்னியா?”

“நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். எனக்குப் பூகோளமே வராதுலா” என்றாள் ஜெசிந்தா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எஸ்தர் டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. ஆபீசர் முன்னால் தலைகுனிவு. “வரைபடத்துல அழகுக்கு இடம் போடுறதா? இதுதான் ரெண்டு வருஷமா உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததா?” என்று கேட்டு, கையிலிருந்த சிவப்பு மைப் பேனாவால் சிவப்புப் புள்ளியின் மேல் பெருக்கல் குறி போட்டார்கள். இரண்டு கோட்டையும் அடித்தார்கள். பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதினார்கள். முதல் பரிசு அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் மூன்று நீலத்தின் மேல் அந்தச் சிவப்பு மை ஊறிப் பரவியது.

நான் அழுதேன். தொம்மைக்காக அழவில்லை, படத்துக்காகத்தான் அழுதேன். அதை மறைப்பானேன்? பிற்பாடு முப்பது வருஷம் நில அளவை ஆபீசில் படம் போட்டுத்தான் சோறு தின்றேன். அவ்வளவு சரியான படம் ஒன்று என் கையிலிருந்து அப்புறம் வரவில்லை.

அட்லஸ், களிமண்ணில் எரிமலை செய்து உள்ளே சாம்பிராணி புகைய வைத்தவளுக்குப் போயிற்று.

வடக்கே போன பாய்

மறுநாள் ஜெசிந்தா பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். பூவரச மரத்தடிக்கு வரவில்லை. அவள் தங்கைகளோடு பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போவேன். அவள் டிபனில் சோறும் துவையலும் இருக்கும். மறுநாளும் துவையல். அதற்கு மறுநாளும்.

கடற்கரைப் பிள்ளையின் சோற்றில் மீன் இல்லாமல் நான் அதுவரை பார்த்ததில்லை. என்னவென்று கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியதும் இருக்கவில்லை.

காலையில் கடற்கரைச் சாலை வழியாகத்தான் நான் பள்ளிக்குப் போவேன். தொம்மையின் வத்தையை அதன் பாயில் இருக்கிற காவி ஒட்டுத்துணியை வைத்து எனக்குத் தெரியும். அது வடக்கே போய்க்கொண்டிருக்கும். சிவப்புப் புள்ளி இருந்தது தென்கிழக்கே. மிக்கேலின் லாஞ்சு ஒன்று வத்தைக்குப் பின்னாலேயே, வேறு வேலையாகப் போகிற மாதிரி, கொஞ்சம் தள்ளிப் போகும். தொம்மை அதற்காகவே தினமும் ஒன்றும் இல்லாத வடக்குக் கடலுக்குப் போய், வெயில் ஏறும் வரை தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். நான் சொன்ன பொய் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் அதைத் தினமும் காற்றில் பாய் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டார்கள். ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் வீடு இருக்கிற தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அம்மா கேட்டதற்கு வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னேன். அந்த மாசத்தில் எனக்குப் பொய் நன்றாகப் பழகிவிட்டது.

அரையாண்டுப் பரீட்சைத் தாளை டீச்சர் திருப்பிக் கொடுத்தார்கள். பூகோளத்தில் எனக்கு வழக்கமான மார்க். ஜெசிந்தாவுக்கு அறுபத்தொன்று. அட்சரேகைக் கேள்விக்கு முழு மார்க். எஸ்தர் டீச்சரே ஆச்சரியப்பட்டு, “எப்படிப் படிச்சே?” என்று கேட்டார்கள். “தெரியல டீச்சர்” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தது. வாடை தணிந்து கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்த நாட்கள். லாஞ்சுகளெல்லாம் இறால் தேடி வேறு பக்கம் போக ஆரம்பித்துவிட்டன என்று அப்பா ஆபீசில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மறுநாள் காலையில் காவி ஒட்டுப் பாயைக் கடற்கரைச் சாலையிலிருந்து தேடினேன். வடக்கே இல்லை. எங்கேயும் கண்ணில் படவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் நான் பூவரச மரத்தடியில் தனியாக உட்கார்ந்து டிபனைத் திறந்தேன். யாரோ வந்து எதிரே உட்கார்ந்தார்கள். பாவாடை நுனியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுந்து போய்விடுவாள் என்று பயம்.

ஜெசிந்தா தன் டிபனைத் திறந்தாள். மிளகாய் தடவிப் பொரித்த வாசனை வந்தது. துண்டத்தை இரண்டாகப் பிய்த்து, பாதியை என் மூடியில் வைத்தாள். நான் முட்டையில் பாதியை அவள் பக்கம் தள்ளினேன்.

“விளமீனா?” என்றேன். ரொம்ப நாளாகப் பேசாத குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

“ஆமா.”

“எங்கன பிடிச்சாவ?”

அவள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

“அந்தச் சேத்துலதான். தின்னு” என்றாள்.

தின்றேன். காரத்தில்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றேன்.

முடித்ததும் ஜெசிந்தா இரண்டு முள்ளை எடுத்து டிபன் மூடியில் குறுக்காக வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டி முள்ளைக் கலைத்துவிட்டேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.